மருத்துவமனைக்கு ஏஜென்சி ஆட்கள்: வெண்டர் மேனேஜ்மென்ட் சிஸ்டம் எப்போது பலன் தரும்?

கேள்வி: "எங்கள் மருத்துவமனைக் குழுமத்துக்கு நான்கு வளாகங்கள். இருபதுக்கும் மேற்பட்ட ஏஜென்சிகளிடமிருந்து தற்காலிக நர்ஸ்களையும் டெக்னீஷியன்களையும் எடுக்கிறோம். எல்லாம் இமெயிலிலும் எக்ஸெலிலும்தான் ஓடுகிறது. ஒரு வெண்டர் மேனேஜ்மென்ட் சிஸ்டம் வாங்கலாம் என்கிறது நிர்வாகம். எதைப் பார்த்து வாங்குவது? எங்களோடு சேரப்போகும் ஒரு சின்ன மருத்துவமனைக்கும் இது தேவைதானா?"

நான் முதலில் ஏஜென்சி பக்கம் உட்கார்ந்து ப்ரொஃபைல் (வேலைக்குக் காட்டும் ஆளின் விவரங்கள்) அனுப்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் மருத்துவமனைப் பக்கம் வந்து அதே மாதிரி ப்ரொஃபைல்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். இரண்டு நாற்காலியிலிருந்தும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

வி.எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த சிஸ்டத்துக்குள் ஆறு விஷயங்கள் நடக்கின்றன. வார்டு ஆள் கேட்கிறது, ஏஜென்சி ஆளைக் காட்டுகிறது, அவருடைய ஆவணங்களைச் சரிபார்க்கிறார்கள், அவர் ஷிப்ட் பார்க்கிறார், மணிக்கணக்கு பதிவாகிறது, பில் வருகிறது. விற்க வருபவர்கள் இந்த ஆறையும் தனித்தனியாக, அழகழகான திரைகளில் காட்டுவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லா சிஸ்டமும் நன்றாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது இணைப்புகளை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் தானாகப் போகிறதா, அல்லது நடுவில் ஒருவர் உட்கார்ந்து கையால் எடுத்துப் போடுகிறாரா? அப்படிக் கைமாறும் இடத்தில்தான் பணம் ஒழுகும். சில நேரம் அதைவிடப் பெரியதும் போகும்.

இன்னொன்றும் கேளுங்கள்: இந்த சிஸ்டம் எதையெல்லாம் தடுக்கும்? காலாவதியான லைசென்ஸை ஒழுங்காகப் பதிவு செய்துவிட்டு, அதே நர்ஸை ஷிப்டுக்கும் அனுப்பி வைக்கும் சிஸ்டம் என்றால், நீங்கள் வாங்கப்போவது விலை கூடிய எக்ஸெல்.

நிர்வாகம் இதைப் பணத்துக்காகத்தான் கேட்டிருக்கும். அதனால் பணத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒரே ஒரு இரவை எடுத்துக்கொள்வோம். ஏஜென்சி நர்ஸ் ஒருவர் மாலை 7 மணிக்கு உள்ளே வந்து காலை 7:30க்கு வெளியே போகிறார். நடுவில் அரை மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை, அதற்குக் காசு கிடையாது. ரேட் மணிக்கு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், விடுமுறை நாளில் ஒன்றரை மடங்கு. நள்ளிரவு 12 மணிக்கு விடுமுறை நாள் தொடங்குகிறது. பில் எவ்வளவு?

அவர் நள்ளிரவுக்குப் பிறகு சாப்பிட்டார் என்றால் 5 மணி நேரம் சாதாரண ரேட், 7 மணி நேரம் விடுமுறை ரேட். மொத்தம் 1,550. பதினோரு மணிக்கே சாப்பிட்டுவிட்டார் என்றால் நாலரை மணி நேரம் அப்படி, ஏழரை மணி நேரம் இப்படி. 1,575. வார்டில் அன்றைக்கு உட்காரவே நேரமில்லை, இடைவேளையே எடுக்கவில்லை என்றால் 1,625. ஒப்பந்தத்தில் 'விடுமுறை நாளைத் தொடும் ஷிப்ட்' என்று ஒரு வரி இருந்து, முழு ஷிப்டுக்கும் ஒன்றரை மடங்கு என்று ஏஜென்சி அதை அர்த்தம் செய்துகொண்டால் 1,800. ஒரே ஆள், ஒரே இரவு, நான்கு பில். நான்கையும் நியாயம் என்று வாதாடலாம்.

இதற்கு மேல் இரவுப் படி, வார இறுதிப் படி, சார்ஜ் பொறுப்புக்கு (ஷிப்டில் வார்டைத் தலைமையேற்று நடத்துவதற்கு) கூடுதல், வேறு வார்டுக்கு ஃப்ளோட் செய்தால் எந்த ரேட் என்ற கேள்வி, ஓவர்டைம் எல்லாம் இருக்கின்றன. ஓவர்டைமே ஊருக்கு ஒரு மாதிரி. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக வாரத்துக்கு 40 மணி நேரத்தைத் தாண்டினால் ஓவர்டைம் என்கிறது. கலிஃபோர்னியாவில் அதோடு நாளுக்கு 8 மணி நேரம் என்ற கணக்கும் சேர்ந்துகொள்கிறது. ஒரு ஏஜென்சிக்கு ஒரு ரேட் கார்டு, இருபது ஏஜென்சிக்கு இருபது ரேட் கார்டு என்றால், பில்லைச் சரிபார்க்கும் அக்கவுன்ட்ஸ் ஊழியர் பாவம். அவர் பெரிய தொகைகளை மட்டும் பார்த்துவிட்டு மற்றதைக் கையெழுத்துக்கு அனுப்பிவிடுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

ஆகவே ரேட் விதிகள் சிஸ்டத்துக்குள் விதிகளாகவே இருக்க வேண்டும். ஒப்பந்தத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக ஏற்றி வைத்துவிட்டு 'ரேட் கார்டு இருக்கிறது' என்பவர்களிடம் மேலே சொன்ன இரவைக் கொடுத்து, உங்கள் கண் முன்னே கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நல்ல சிஸ்டத்தில் ஏஜென்சி தனியாக ஒரு பில் தயாரித்து அனுப்புவதில்லை. ஒப்புக்கொண்ட மணிக்கணக்கையும் விதிகளையும் வைத்து சிஸ்டமே பில்லைத் தயாரிக்கும், ஏஜென்சி அதைப் பார்த்து ஆட்சேபம் இருந்தால் சொல்லும். வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் தகராறு வந்தால் முழு பில்லும் முடங்காது. 14ஆம் தேதி இரவு அரை மணி நேரம் என்ற அளவோடு பேச்சு நின்றுவிடும். ஏஜென்சிக்குப் பணம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அதன் நல்ல ஆட்கள் உங்களிடம் வருவார்கள். மூன்று மாதம் பில்லை இழுத்தடிக்கும் மருத்துவமனைக்கு எந்த ஏஜென்சியும் தன் முதல் தர ஆளை முதலில் காட்டாது. காட்டாமல் இருந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மணிக்கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். நர்ஸ் தானே தட்டச்சு செய்யும் டைம்ஷீட்டைவிட, மருத்துவமனையின் சொந்த வருகைப்பதிவிலிருந்து நேராக வருவது நல்லது. நிரந்தர ஊழியர் அட்டை தேய்க்கும் அதே கருவியில் ஏஜென்சி ஆளும் தேய்க்கட்டும். அந்தப் பதிவு ஒரு நாள் படுத்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் எழுதி வையுங்கள். 2021 டிசம்பரில், வருகைப்பதிவு மென்பொருள் தரும் க்ரோனோஸ் நிறுவனத்தின் கிளவுட் சேவையை ரான்சம்வேர் (கணினிகளை முடக்கிப் பணம் கேட்கும் மென்பொருள்) தாக்கியபோது, அதை நம்பியிருந்த அமெரிக்க மருத்துவமனைகள் பல, வாரக்கணக்கில் காகிதத்தில் நேரம் எழுதியும் உத்தேசமாகச் சம்பளம் போட்டும் சமாளித்தன. அப்புறம் அதைத் திருத்த இன்னும் பல வாரம் ஆயிற்று.

பணத்தைப் பற்றி இவ்வளவு போதும். ஆவணங்களில்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் 13 வார ஒப்பந்தத்தில் ஒரு நர்ஸ் வந்தார். சேர்ந்த அன்று சிஸ்டத்தில் எல்லாமே பச்சை. ஒன்பதாவது வாரத்தில், ஒரு சனிக்கிழமை, அவருடைய அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிச் சான்று காலாவதியானது. அது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. சனி, ஞாயிறு இரண்டு ஷிப்டும் பார்த்தார். கண்டுபிடித்தது யார் தெரியுமா? அந்த நர்ஸேதான். திங்கட்கிழமை வந்து, "என் கார்டு முடிந்துவிட்டது போலிருக்கிறதே, யாருமே கேட்கவில்லையே" என்றார். சிஸ்டத்தில் அந்தத் தேதி சரியாகவே இருந்தது. யாரும் திறக்காத ஒரு பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளியாக. ரோஸ்டர், அதாவது யாருக்கு எந்த ஷிப்ட் என்ற அட்டவணை, தன் பாட்டுக்கு இன்னொரு மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு இந்தப் புள்ளியைத் தெரியாது.

நாங்கள் அப்போது செய்த மாற்றங்களை அப்படியே சொல்கிறேன், உங்கள் தேவைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். ப்ரொஃபைல் வரும்போதே ஒவ்வொரு ஆவணமும் ஒப்பந்தத்தின் கடைசி நாள் வரை செல்லுமா என்று சிஸ்டம் பார்க்க வேண்டும். சேரும் நாளை மட்டும் பார்த்தால் போதாது. 60, 30, 15 நாட்களுக்கு முன்பு நினைவூட்டல் போக வேண்டும், அதுவும் முதலில் நர்ஸுக்கும் ஏஜென்சிக்கும். மருத்துவமனை ஒருங்கிணைப்பாளருக்கு எல்லா நினைவூட்டலையும் அனுப்பினால் ஒரே மாதத்தில் எதையும் படிக்கமாட்டார். மூன்றாவதுதான் மற்ற இரண்டையும் உயிரோடு வைத்திருப்பது: காலாவதி தேதிக்குப் பிறகு இருக்கும் ஷிப்டுகள் ரோஸ்டரிலிருந்தே விலகிவிட வேண்டும். மூன்று வாரம் கழித்து வரும் சனிக்கிழமை இரவில் ஓர் ஓட்டை தெரிந்தால் வார்டு மேனேஜர் தானே ஏஜென்சிக்கு போன் போடுவார். மஞ்சள் புள்ளிக்கு யாரும் போன் போடுவதில்லை.

ஆவணம் உண்மையா என்பது அடுத்த அடுக்கு. ஏஜென்சி அனுப்பும் லைசென்ஸ் நகலைப் பார்த்து டிக் போடுவது சரிபார்ப்பு ஆகாது. லைசென்ஸ் கொடுத்த அமைப்பின் பதிவேட்டிலேயே போய்ப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் நர்ஸ்களுக்கு நர்சிஸ் என்ற தேசியத் தரவுத்தளம் இருக்கிறது. லைசென்ஸ் நிலையில் மாற்றமோ ஒழுங்கு நடவடிக்கையோ வந்தால் அதுவே தகவல் அனுப்பும் வசதியும் உண்டு. பிரிட்டனில் நர்ஸிங் அன்ட் மிட்வைஃபரி கவுன்சிலின் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். உங்கள் நாட்டில் எது பதிவேடோ, அதோடு சிஸ்டம் நேராகப் பேச வேண்டும். ஒரு தடவை பார்த்தால் போதாது, ஒப்பந்தம் முடியும் வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காலாவதி தேதியை மட்டும் நம்பவும் முடியாது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஒரே லைசென்ஸில் வேலை பார்க்க வழி செய்யும் நர்ஸ் லைசென்ஷர் காம்பாக்ட்டில், ஒருவர் ஓர் உறுப்பு மாநிலத்திலிருந்து இன்னோர் உறுப்பு மாநிலத்துக்கு நிரந்தரமாகக் குடிபெயர்ந்தால் 60 நாட்களுக்குள் புதிய மாநிலத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதி 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கார்டில் தேதி அப்படியே இருக்கும். வீட்டு முகவரி மாறியதைச் சொல்லும் கட்டம் சிஸ்டத்தில் உண்டா?

பதிவேட்டைப் பார்த்தாலும் தப்பிவிடும் மோசடிகள் உண்டு. 2023 ஜனவரியில் அமெரிக்க அதிகாரிகள் வெளியிட்ட 'ஆபரேஷன் நைட்டிங்கேல்' வழக்கில், ஃப்ளோரிடாவின் சில நர்ஸிங் பள்ளிகள் 7,600க்கும் மேற்பட்ட போலிப் பட்டங்களை விற்றிருந்தது தெரிந்தது. வாங்கியவர்களில் ஏறக்குறைய 2,400 பேர் லைசென்ஸ் தேர்விலும் தேறியிருந்தார்கள். அதாவது அவர்கள் கையில் இருந்தது நிஜமான லைசென்ஸ், அடியில் இருந்த படிப்புதான் போலி. அந்தச் செய்தி வந்த அன்று ஒரு மருத்துவமனைக்கு எழும் கேள்வி ரொம்ப எளிமையானது: இந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் கடந்த சில வருடங்களில் எங்களிடம் யாராவது வேலை பார்த்தார்களா, எந்த வார்டில், எந்தத் தேதிகளில்? பள்ளியின் பெயர் தேடக்கூடிய தனிக் கட்டமாக இருந்தால் பத்து நிமிட வேலை. ஸ்கேன் செய்த பிடிஎஃப்புக்குள் புதைந்திருந்தால் பத்து பேரை உட்கார வைத்துப் பிரித்துப் படிக்க வேண்டும்.

இதைவிடக் கொடுமையான ஒன்று உண்டு. ஏஜென்சிகள் வழியாக மாநிலம் மாநிலமாகப் போய் வேலை பார்த்த ஓர் இதய ஆய்வக டெக்னீஷியன் 2010இல் அரிசோனாவில் மருத்துவமனைக் கழிப்பறையில் திருடிய வலிமருந்து ஊசியோடு மயங்கிக் கிடந்தார். அங்கே வேலை போயிற்று. சில வாரங்களுக்குள் வேறொரு மாநிலத்தில் வேறொரு மருத்துவமனையில் வேலையில் இருந்தார். நோயாளிகளுக்கு வைத்திருந்த ஃபென்டனில் என்ற வலிமருந்தைத் தனக்குப் போட்டுக்கொண்டு, அதே சிரிஞ்சில் உப்பு நீரை நிரப்பி வைப்பது அவர் வழக்கம். அவருக்கு ஹெபடைடிஸ் சி இருந்தது. 2012இல் நியூ ஹாம்ப்ஷையர் மருத்துவமனை ஒன்றில் விஷயம் வெளிவந்து அவர் கைதாவதற்குள் பல மாநிலங்களில் குறைந்தது 45 பேருக்குத் தொற்றிவிட்டது. 2013 டிசம்பரில் 39 வருடச் சிறைத்தண்டனை. ஒரு மென்பொருள் இதைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஒருவருக்கொருவர் சொல்லாமல் விட்டது மனிதர்கள். ஆனால் உங்கள் நான்கு வளாகங்களுக்குள்ளேயாவது இது நடக்கக் கூடாது. 'இவரை மீண்டும் அனுப்ப வேண்டாம்' என்று ஒரு வளாகம் போட்ட குறி, வேறு ஏஜென்சி வழியாக, பெயரில் ஓர் எழுத்து மாறி இன்னொரு வளாகத்துக்கு அதே ஆள் வந்தாலும் கூடவே வர வேண்டும். அதற்கு ஆளை அடையாளம் காட்டுவது பெயராக இருக்கக் கூடாது, லைசென்ஸ் எண்ணாக இருக்க வேண்டும்.

அந்தக் குறியை இஷ்டத்துக்குப் போட விடாதீர்கள். ஒரு நர்ஸ் எட்டு நோயாளிகளை ஒரே ஆளாகப் பார்க்க முடியாது என்று எதிர்த்துப் பேசினார் என்பதற்காகவே 'மீண்டும் வேண்டாம்' குறி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். காரணம் எழுதாமல் குறி போட முடியக் கூடாது. மருந்து, பாதுகாப்பு, நடத்தை, ஒத்துப்போகவில்லை என்று வகை இருக்க வேண்டும். வார்டைத் தாண்டி இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே மற்ற வளாகங்களுக்குப் பரவ வேண்டும்.

தடுப்பது என்றால் எப்போதும் தடுப்பதா என்று கேட்பீர்கள். இல்லை. விடியற்காலை 4 மணிக்கு ஐ.சி.யூ.வில் ஆள் இல்லை என்றால் விதியை மீற வேண்டிவரும். இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். 2015 நவம்பரில் ஏஜென்சி ரேட்டுகளுக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. படிப்படியாக இறக்கி, 2016 ஏப்ரலில் நிரந்தர ஊழியரின் அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் 55 சதவீதம் என்ற அளவில் நிறுத்தியது. அப்போதே, நோயாளியின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டும் அந்த வரம்பை மீறலாம் என்று ஒரு வழியும் வைத்தார்கள். தீயணைப்புப் பெட்டியின் கண்ணாடியை உடைப்பது போன்ற வழி. உங்கள் சிஸ்டத்திலும் அந்தக் கண்ணாடி வேண்டும். உடைத்தவர் யார், எத்தனை மணிக்கு, என்ன காரணம் என்பது அழிக்க முடியாதபடி பதிவாக வேண்டும், காலையில் நர்ஸிங் தலைவர் மேசைக்குத் தானாகப் போக வேண்டும். கண்ணாடியே இல்லாத சிஸ்டத்தை ஊழியர்கள் போனிலும் வாட்ஸப்பிலும் சுற்றிக்கொண்டு போவார்கள். அப்புறம் எதுவுமே பதிவாகாது. லைசென்ஸ் இல்லாதவருக்கு மட்டும் எந்தக் கண்ணாடியும் வேண்டாம்.

இனி ஆள் கேட்கும் இடம். 'ஐ.சி.யூ. நர்ஸ் தேவை, இரவு ஷிப்ட்' என்று ஆர்டர் போட்டால் நாற்பது ப்ரொஃபைல் வரும், நான்கு கூடப் பொருந்தாது. அதே வார்டு, வென்டிலேட்டர் நோயாளிகளைத் தனியாகப் பார்த்த அனுபவம், தொடர் டயாலிசிஸ் தெரியுமா, எந்த மின்னணு மருத்துவப் பதிவு மென்பொருள், எந்தெந்த வார்டுகளுக்கு ஃப்ளோட் ஆக வேண்டும், மாதத்தில் எத்தனை வார இறுதி என்று எழுதினால் ஏழு ப்ரொஃபைல் வரும், ஐந்து பொருந்தும். வார்டுக்கு ஒரு மாதிரிப் படிவம் முதலிலேயே தயாராக இருந்தால் மேனேஜர் தேதியை மட்டும் போட்டால் போதும். இந்த மாதிரிப் படிவங்களை எழுதுவது சலிப்பான வேலை, உங்கள் ஆட்கள்தான் செய்ய வேண்டும், எந்த விற்பனையாளரும் செய்து தரமாட்டார். நிறைய மருத்துவமனைகளில் சிஸ்டம் சொதப்புவது இந்த இடத்தில்தான். செயற்கை நுண்ணறிவு பொருத்தம் பார்க்கும் என்று இப்போது எல்லோரும் விற்கிறார்கள். ஆர்டரில் எழுதாததை அது எங்கிருந்து பார்க்கும்?

ஆர்டர் யாருக்கு எப்போது போகிறது என்பதையும் விதியாக்குங்கள். முதலில் தேவைப்படும் வார்டுக்குப் போகும் உங்கள் சொந்த ஃப்ளோட் குழு, அப்புறம் தினக்கூலிப் பட்டியல், அதன் பிறகு ஏஜென்சி. இந்த வரிசையைத் தவறாமல் பின்பற்றினாலே சில ஆர்டர்கள் வெளியே போகாமல் நின்றுவிடும்.

சிஸ்டத்தை நடத்துபவர் யார் என்பதை நன்றாக விசாரியுங்கள். பல மருத்துவமனைகள் மென்பொருளோடு சேர்த்து, அதை நடத்தும் எம்.எஸ்.பி. எனப்படும் நிர்வாக சேவையையும் வாங்குகின்றன. அந்த நிறுவனமே ஏஜென்சியாகவும் இருந்தால் தன் ஆளுக்கு முதலில் ஆர்டரைக் காட்டும் ஆசை இருக்கத்தான் செய்யும். இது தப்பு என்று சொல்லமாட்டேன். ஒரே பெரிய ஏஜென்சியிடம் பொறுப்பைக் கொடுத்து வேகமாக ஆள் எடுப்பதும் ஒரு வழிதான், சில இடங்களில் அதுவே சரி. ஆனால் 'எல்லா ஏஜென்சிக்கும் சமம்' என்று சொல்லி விற்றால், ஒவ்வோர் ஆர்டரும் எந்த ஏஜென்சியின் திரையில் எத்தனை மணிக்குத் தெரிந்தது என்ற பதிவை நீங்களே எடுத்துப் பார்க்க முடிய வேண்டும். கட்டணத்தையும் கவனியுங்கள். பெரும்பாலும் மருத்துவமனை நேரடியாகப் பணம் கட்டுவதில்லை, ஏஜென்சி பில்லிலிருந்து சில சதவீதம் கழித்துக்கொள்வார்கள். 'உங்களுக்கு இலவசம்' என்பார்கள். ஏஜென்சி அதை ரேட்டில் ஏற்றாமலா இருக்கும்? உங்கள் செலவு கூடக் கூட நடத்துபவரின் வருமானமும் கூடுகிறது என்பதை மறக்காமல் பேரம் பேசுங்கள்.

ஏஜென்சிகளின் பக்கம் ஒரு வார்த்தை. ப்ரொஃபைல் அனுப்பிவிட்டு ஐந்து நாள் பதில் வராமல் காத்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். நல்ல நர்ஸ் ஐந்து நாள் காத்திருக்கமாட்டார், அவர் கையில் வேறு மூன்று அழைப்பு இருக்கும். 24 மணி நேரத்தில் மேனேஜர் பார்க்கவில்லை என்றால் அடுத்தவருக்குப் போகும் வழி வேண்டும். வேண்டாம் என்றால் காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏஜென்சி அதே மாதிரி ஆளையே மறுபடி அனுப்பும். இரண்டு ஏஜென்சிகள் ஒரே நர்ஸைக் காட்டினால் யாருக்கு என்ற சண்டை கட்டாயம் வரும். முதலில் வந்த நேரத்தோடு, 'இந்த வேலைக்கு என்னை அனுப்பலாம்' என்று நர்ஸ் கொடுத்த ஒப்புதலையும் சிஸ்டம் கேட்டு வாங்கினால் பாதிச் சண்டை தீரும்.

அளவீடுகளை நம்புவதற்கு முன் அவற்றை எப்படி ஏமாற்றலாம் என்று யோசியுங்கள். கேட்ட இடங்களில் எத்தனை நிரம்பின என்ற விகிதத்தை எல்லோரும் காட்டுவார்கள். நிரம்பாத ஆர்டரை மாதக் கடைசியில் ரத்து செய்துவிட்டால் அது கணக்கிலிருந்தே மறைந்து விகிதம் ஏறிவிடும். நிரப்ப ஆன நாட்கள் என்ற எண் அழகாக இருக்க வேண்டுமா? பழைய ஆர்டரை மூடிவிட்டு அதையே புதிதாகத் திறந்தால் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடும். எனக்குப் பிடித்த எண்கள் வேறு. எடுத்தவர்களில் எத்தனை பேர் ஒப்பந்தத்தை முழுதாக முடித்தார்கள்? முதல் ஷிப்டுக்கே வராதவர்கள் எத்தனை பேர்? வார்டு தானாகவே 'இவரை நீட்டிக்கலாம்' என்று கேட்டது எத்தனை தடவை? எத்தனை பில் ஒரு திருத்தமும் இல்லாமல் போயிற்று? இவற்றையும் ஏஜென்சிவாரியாகப் பார்த்தால், மலிவான ரேட் கொடுத்த ஏஜென்சி உண்மையில் மலிவா என்பது தெரிந்துவிடும். ஆறாவது வாரத்தில் போய்விடும் நர்ஸுக்கு நீங்கள் கொடுத்த அறிமுகப் பயிற்சி நாட்களின் செலவு எந்த ரேட் கார்டிலும் இருக்காது.

இதையெல்லாம் கடைசியில் பயன்படுத்தப்போவது இரவு சார்ஜ் நர்ஸ். அவருக்கு ஒரு பக்கம் போன், ஒரு பக்கம் அலாரம். நேரத்தை ஒப்புக்கொள்ள எட்டு திரை தாண்ட வேண்டும் என்றால் வாரக் கடைசியில் மொத்தமாக, பார்க்காமல், எல்லாவற்றுக்கும் சரி போட்டுவிடுவார். அதன் பிறகு மேலே சொன்ன விதிகள் எல்லாம் தப்பான மணிக்கணக்கின் மேல் சரியாக வேலை செய்யும். வாங்கும் குழுவில் நிதி, கொள்முதல், ஐ.டி. ஆட்கள் கட்டாயம் இருப்பார்கள். ஓர் இரவு சார்ஜ் நர்ஸையும் உட்கார வையுங்கள், அவர் முகம் சுளிக்கும் இடங்களை எழுதிக்கொள்ளுங்கள்.

டெமோவுக்கு அவர்களுடைய மாதிரித் தரவை ஏற்காதீர்கள். உங்களிடம் போன வருடம் அதிகத் தகராறு வந்த பத்து பில், ஆள் வராமல் திண்டாடிய மூன்று இரவு, ஆவணத்தில் மாட்டிய இரண்டு பேர் (பெயர், எண் எல்லாம் மாற்றி) என்று எடுத்துக்கொண்டு போங்கள். எது எங்கே நிற்கிறது என்று அரை நாளில் தெரிந்துவிடும். ஒப்பந்தம் எழுதும்போது இரண்டு வரி விட்டுப்போகக் கூடாது. தரவு மருத்துவமனையுடையது, வெளியேறும் நாளில் ஆவணங்கள், மணிக்கணக்கு, குறிகள் எல்லாம் வேறு சிஸ்டம் படிக்கக்கூடிய வடிவில் கிடைக்க வேண்டும். நர்ஸ்களின் தடுப்பூசி விவரமும் அடையாள ஆவணங்களும் இதில் இருப்பதால், யார் எதைத் திறந்து பார்த்தார் என்ற பதிவும் வேண்டும். வார்டு மேனேஜருக்கு 'தகுதி உண்டு' என்று தெரிந்தால் போதும், ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்கும் அவசியம் அவருக்கு இல்லை.

உங்கள் நான்கு வளாகங்களில் ஒன்றை, அதிலும் ஏஜென்சி ஆட்கள் அதிகம் இருக்கும் இரண்டு வார்டுகளை முதலில் எடுத்துக்கொண்டு இரண்டு பில் சுழற்சி முழுதாக ஓட்டிப் பாருங்கள். பழைய எக்ஸெலையும் கூடவே ஓட்டி, இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று பாருங்கள். வேறுபாடுகளில் பாதி எக்ஸெலின் தப்பாக இருக்கும், மீதிதான் சிஸ்டத்தில் திருத்த வேண்டியது. நான்கு வளாகத்திலும் ஒரே திங்கட்கிழமை தொடங்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த வாரம் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

சேரப்போகும் சின்ன மருத்துவமனையைப் பற்றிக் கேட்டீர்கள். ஐந்தாறு ஏஜென்சி, எந்த நேரத்திலும் பத்துப் பன்னிரண்டு தற்காலிக ஆள் என்ற அளவில் அது தனியாகவே இருக்கப்போகிறது என்றால் இதை வாங்கச் சொல்லமாட்டேன். எல்லா ஏஜென்சிக்கும் ஒரே மாதிரி ரேட் விதி, காலாவதி தேதிகளோடு ஒரு ஒழுங்கான பட்டியல், அதை வாரத்தில் இரண்டு நாள் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து ரோஸ்டரிலிருந்து பெயரை எடுக்கும் அதிகாரம் உள்ள ஓர் ஒருங்கிணைப்பாளர், அவர் விடுப்பில் போனால் அதைச் செய்ய இன்னொருவர். இவ்வளவு போதும். உங்கள் குழுமத்தோடு சேர்ந்து அதே ஏஜென்சிகளிடம் ஆள் எடுக்கத் தொடங்கும் அன்றைக்கு அதையும் உள்ளே கொண்டுவாருங்கள், முதலில் 'மீண்டும் வேண்டாம்' பட்டியலோடு.